பாசி மருந்து கேக்குமா, கேக்காதா

கடைப் பசங்க வாட்ஸாப்புல ஒரு குரூப் வச்சிருக்காங்க. வீடு வீடாப் போயி மீன் தொட்டி கழுவுற பசங்க. ரிட்டயர் ஆனவன்னு பாக்காம என்னையும் அதுல சேத்து விட்டிருக்காங்க. எனக்கு எழுதப் படிக்க வராது. ஆனா பேசுனா போனே எழுதிக்கும்னு மவன் காட்டிக் குடுத்திருக்கான், அதனால பேசுறேன். தப்பு இருந்தா போனைத் திட்டுங்க.

போன வாரம் ஒருத்தன் அதுல ஒரு விளம்பரம் போட்டான். பாசி மருந்து. மொதல்ல தொட்டி பச்சைப் பசேல்னு கெடக்கு. ஒரு சொட்டு மருந்து விழுது. அடுத்த படத்துல தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியல, அவ்வளவு தெளிவு. "செல்லையண்ணே, இது கேக்குமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு வாய்ஸ்ல கேட்டிருந்தான்.

ஒரே வார்த்தையில எப்படிப்பா சொல்றது? அந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல தொட்டியை யாரு தேய்ச்சான்னு மொதல்ல கேளு. இப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சதே எங்க மொதலாளி மேரிக்குட்டிச் சேச்சியாலதான். அவுங்க ஒரு மருந்தை எப்படிப் பாத்தாங்கன்னு சொல்றேன். சுத்தி வளைச்சுத்தான் வரும், என் பேச்சு உங்களுக்குத் தெரியும்ல.

எங்கப்பா தென்காசிப் பக்கமிருந்து மலையாள நாட்டு மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவரு. நானும் யூதங்க இருந்த ஜூ டவுன் குடோன்ல சுக்கு மூட்டை தூக்குனவன்தான். சுக்குத் தூசி மூக்குல ஏறுனா ராத்திரி சோறு திங்கறப்பவும் காரமா இருக்கும். இப்ப அந்தக் குடோன் பழைய சாமான் விக்கிற கடையாப் போச்சு. நாங்க உக்காந்து சாயா குடிச்ச மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடிச்சு வச்சிருக்காங்க, வெள்ளைக்காரங்க அது முன்னால நின்னு போட்டோ எடுக்குறாங்க. சரி, அது கெடக்கட்டும். இடுப்பு போயி மூட்டை தூக்க முடியாமக் கெடந்தப்ப, பக்கத்துச் சந்துல அலங்கார மீன் கடை வச்சிருந்த சேச்சி கூப்பிட்டாங்க. "கண்ணாடித் தொட்டி, மூட்டை மாதிரி கனமில்ல. ஆனா குலுக்காமக் கொண்டு போகணும். பற்றுமோ?"ன்னு கேட்டாங்க. முடியும்னேன். சேச்சின்னா அக்கா; என்னைவிட வயசுல சின்னவங்கதான். ஆனா அந்தச் சந்து பூரா அவுங்களைச் சேச்சின்னுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேலை கத்துக்கிட்டதுல பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல. டியூப்பை வாயில வச்சு உறிஞ்சித் தண்ணி எறக்கப் பழகுனேன், தொட்டித் தண்ணி ருசி தெரிஞ்சுது. பிளேடு வச்சுக் கண்ணாடியைச் சொரண்டப் பழகுனேன், வெரல்ல கீறல் விழுந்துது. அவ்வளவுதான்.

சேச்சியைப் பத்திச் சொல்லணும். சின்ன உருவம், மெதுவான பேச்சு. கடைக்கு வாரவங்க ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி "இது நல்லதா?"ன்னு கேட்டா மத்த கடையில டக்குனு "சூப்பர் சாதனம்"னு சொல்லுவாங்க. சேச்சி சொல்ல மாட்டாங்க. "நான் இன்னும் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்"னு சொல்லி பாட்டிலைத் திரும்பத் தட்டுல வச்சிருவாங்க. வந்தவங்க பக்கத்துக் கடையில போயி வாங்கிக்குவாங்க. எனக்கு வயிறு எரியும்.

அந்தப் பழக்கம் அவுங்களுக்கு வந்த எடம் வேற. கல்யாணத்துக்கு முன்னால துறைமுகம் இருக்குற ஐலண்டுல ஒரு தேயிலை கம்பெனியில, ருசி பாக்குற ரூம்ல வேலை பாத்திருக்காங்க. அங்க நீளமா ஒரு மேசையாம். ஒரே மாதிரிக் கோப்பை வரிசையா. ஒவ்வொண்ணுலயும் ஒரே அளவு தூள், ஒரே கெட்டில் தண்ணி, ஒரே நேரம். எந்தக் கோப்பை எந்தத் தோட்டம்னு ருசி பாக்குற சாருக்குத் தெரியாது. அவரு வரிசையா உறிஞ்சித் துப்பிக்கிட்டே போவாராம். "பேரு தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும் செல்லையா"ன்னு சேச்சி சொல்லுவாங்க. "நாக்கு மட்டும் இல்ல, கண்ணும்தான்."

மொத மொத ஒரு பாசி மருந்தை அவுங்க சோதிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. கோயம்புத்தூர்ல இருந்து கம்பெனி ஆளு ஒருத்தர் வந்தாரு, வைட்டிலாவுல பஸ் எறங்கி வேர்க்க விறுவிறுக்க. நல்ல மனுசன். "ஏனுங்க, போட்டுப் பாருங்க, அப்புறம் என்னையத் தேடுவீங்க"ன்னு சொல்லி மூணு தினுசு பாட்டில் வச்சிட்டுப் போனாரு. ஒண்ணு பச்சைத் தண்ணிக்கு. ஒண்ணு நூல் பாசிக்கு. ஒண்ணு, செடி எலை ஓரத்துல மீசை மாதிரி கறுப்பா மொளைக்குமே, அதுக்கு.

சேச்சி நேராப் போயி சாயாக் கடையில பிஸ்கட் போட்டு வைக்கிற கண்ணாடிப் பரணி ஒரு வரிசை வாங்கிட்டு வந்தாங்க. எல்லாம் ஒரே அளவு. ஒரே தொட்டியில இருந்து பாசித் தண்ணி மொண்டு எல்லாத்துலயும் ஊத்தி, நூல் பாசி, மீசை மொளைச்ச எலை, நத்தைன்னு சமமாப் போட்டாங்க. ஒரே ஜன்னல், ஒரே வெயில். ஒரு பரணியில மருந்து, பக்கத்துப் பரணியில அதே மூடியால அளந்து வெறும் தண்ணி. எதுல என்னன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பரணிக்கு அடியில ஒட்டிட்டு, நான் இல்லாத நேரமாப் பாத்து எடம் மாத்தி வச்சாங்க. "தெனம் பாத்துட்டு எது தெளிஞ்சுதுன்னு நீ சொல்லு"ன்னாங்க.

"கவுத்துப் பாத்துட்டேன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"பாரு. நான் மலையாளத்துல எழுதியிருக்கேன். நீ எந்தப் பாஷையிலயும் படிக்க மாட்டே. அதுக்குத்தான் உன்ன வச்சிருக்கேன்"ன்னு சிரிச்சாங்க.

படிக்காதவன்னு என்னை நெறையப் பேரு சொல்லியிருக்காங்க. அதை ஒரு வேலைக்குத் தகுதியாச் சொன்னது சேச்சி ஒருத்தங்கதான்.

ஆனா அந்த மொத சோதனை வெளங்கல. பரணி எல்லாமே பளபளன்னு ஆயிருச்சு, வெறும் தண்ணி ஊத்துனது உள்பட. சேச்சி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, மறுபடி போட்டுப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. "செல்லையா, நீ இந்தப் பக்கம் போறப்ப கை வச்சியா?"

கை வச்சேன்தான். தொட்டி கழுவுறவன் எவனா இருந்தாலும் பாசி புடிச்ச கண்ணாடியைத் தாண்டிச் சும்மா போக மாட்டான். கை தானாப் போகும், உள்ள விட்டு ஒரு வழி வழிச்சு விட்டுட்டு, வழிச்சதை முண்டுல தொடைச்சுட்டுப் போயிருவோம். வழிச்சோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது. உங்களுக்கும் இதே வியாதி இருக்கும், இல்லேன்னு சொல்லாதீங்க.

சேச்சி திட்டல. ஸ்டூல்ல உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "அப்போ இவ்வளவு நாளா மருந்து வித்த வீட்டுலயெல்லாம் என்ன நடந்துச்சு? பாட்டில் குடுத்து உன்னையும் அனுப்பி வச்சேன். நீ சொரண்டுனே, பாதித் தண்ணி மாத்துனே, பில்டர் பஞ்சைக் கழுவுனே. அப்புறம் மருந்து ஊத்துனே. அவுங்க எனக்குப் போன் பண்ணி, சேச்சி, மருந்து உக்ரன், பிரமாதம்னு சொன்னாங்க. கை உன்னோடது, பேரு பாட்டிலுக்கு."

எனக்கு ஒரே பெருமை. சம்பளம் ஏறும்னு பாத்தேன். "அடுத்த தடவை ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நட"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்படியே நடந்தேன். புதுசா வந்தவங்க என்னைத்தான் மொதலாளின்னு நெனச்சுப் பேசுனாங்க.

ரெண்டாவது தடவை சோதனை ஒழுங்கா நடந்துச்சு. பச்சைத் தண்ணி மருந்து நெசமாவே கேட்டுச்சு. ஆனா அடுத்து மீன் போட்ட தொட்டியில ஊத்துனப்ப, பாசி செத்து அழுகுறப்ப மீனுக்கு மூச்சு முட்டி மேல வந்து வாயப் பொளந்துச்சு. காத்து மெஷினை முழுசாத் தொறந்து விட்டப்புறம்தான் கீழ போச்சு. நூல் பாசி மருந்துக்கும் வெறும் தண்ணிக்கும் என்னால ஒரு வித்தியாசமும் சொல்ல முடியல. மீசைப் பாசி மருந்து பாசியைச் செவக்க வச்சுக் கொன்னுச்சு, கூடவே நத்தையையும் கொன்னுச்சு. சேச்சி கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் பண்ணி இதை அப்படியே சொன்னாங்க. அந்த மனுசன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், "அந்த நூல் பாசி பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கறனுங்க"ன்னாரு. மத்த ரெண்டையும் சேச்சி வித்தாங்க. ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடவே வாயால ஒரு பாட்டு: காத்து போடு, நத்தையை எடுத்துரு, வெயில் படாமப் பாத்துக்கோ. அதுக்கப்புறம் "நான் பாத்துட்டேன்"னு சேச்சி சொன்னா மட்டாஞ்சேரியில யாரும் மறுபேச்சுப் பேசுறதில்ல.

இனி ஹம்சிக்கா வீட்டு விசயம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இக்கான்னா அங்க அண்ணன். ஹம்சிக்கா வல்லார்பாடம் துறைமுகத்துல கன்டெய்னர் லாரி ஓட்டுனவரு. நம்மளைப் போலத் தமிழ் பேசுற குடும்பம். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் ஒவ்வொரு சொல்லாத்தான் வரும். மவன் கல்ஃப்ல. மருமவ நசீமாதான் மனுசனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பெரட்டிப் போட்டு எல்லாம் பாத்தா. கட்டிலுக்கு வலது பக்கம், ஜன்னலை ஒட்டி ஒரு தொட்டி. அதுல ஒத்தை ஆஸ்கர் மீன், உள்ளங்கையை விடப் பெருசு. ஆஸ்கர் ஆளைத் தெரிஞ்சு வாலாட்டுற சாதி, உங்களுக்குச் சொல்லணுமா. அவரு அதை "எடா"ன்னுதான் கூப்பிடுவாரு. நாள் பூரா அவருக்குத் தொணை அதுதான்.

அந்தத் தண்ணி பச்சையாகுது. நான் போயி மாத்துவேன், திரும்பப் பச்சையாகும். மீனே தெரியாது, கண்ணாடிகிட்ட வந்தா மட்டும் ஒரு நெழல். ரூம்ல வாடை. நசீமா ஆன்லைன்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு பாட்டில் வாங்கி ஊத்திப் பாத்து ஓஞ்சு போனா. ஒரு நாள் கடைக்கே வந்து நின்னா.

"சேச்சி, நானும் மனுசிதான். மாமாவையும் பாத்து அந்தச் சாக்கடையையும் பாக்க என்னால ஆகாது. பெருநாளுக்குள்ள தண்ணி தெளியலேன்னா மீனை உங்க கடைக்கே எடுத்துக்கோங்க. எது நல்ல மருந்துன்னு ஒரு பேரு சொல்லுங்க, அது போதும்."

மீனை எடுத்தா அந்த மனுசன் செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அது நசீமாவுக்கும் தெரியும். சொல்லி முடிச்சதும் அழுதுட்டா.

வேற யாராயிருந்தாலும் ஒரு பாட்டிலைக் கையில குடுத்து அனுப்பியிருப்பாங்க. சேச்சி, "மோளே, உங்க தொட்டியில நான் இன்னும் பாக்கல"ன்னாங்க. மறுநாள் என் தலையில பரணிக் கூடை. ஹம்சிக்கா தொட்டித் தண்ணியையே மொண்டு ஊத்தி, தலமாட்டுல இருந்து வரிசையா ஜன்னல் படியில வச்சோம். ஒண்ணுல எங்க பச்சைத் தண்ணி மருந்து, ஒண்ணுல நசீமா வாங்குனது, ஒண்ணுல வெறும் தண்ணி, இன்னொண்ணு கறுப்புத் துணி சுத்தினது. சேச்சி அடியில எழுதி ஒட்டினாங்க. அப்புறம் ஹம்சிக்கா பக்கம் குனிஞ்சு, "இக்கா, நீங்கதான் ஜட்ஜி. எதுல என்னன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். எது தெளியுதோ அதைக் காட்டுங்க"ன்னாங்க.

அந்த மனுசன் மொகத்தை நீங்க பாத்திருக்கணும். தலையணையை நிமித்தி வைக்கச் சொல்லிக் கை காட்டுனாரு. அதுக்கப்புறம் நான் போறப்பல்லாம், சாயா குடிச்சியான்னு கேக்குறதுக்கு முன்னாலயே வெரலை நீட்டிப் பரணியைக் காட்டுவாரு. நசீமாகூடச் சிரிச்சா. "ரேடியோ வேண்டா, டிவி வேண்டா. பரணி போதும் இவருக்கு."

துணி சுத்துன பரணி மெதுவா வெளுத்துச்சு. வெறும் தண்ணி ஊத்துனது பச்சையாவே நின்னுச்சு. நசீமா வாங்குனதும் அதே மாதிரிதான். தலமாட்டுல இருந்த பரணிதான் எங்களைக் கொழப்பிருச்சு. மொதல்ல அதுதான் ஜோராத் தெளிஞ்சுது. அப்புறம் பால் மாதிரி கலங்கிச்சு, அப்புறம் எல்லாத்தையும்விடப் பச்சையா, கெட்டியா ஆயிருச்சு. சேச்சி தூக்கி அடியில பாத்தாங்க. அவுங்க சோதிச்சு, வாக்குக் குடுத்து வித்த அதே மருந்து.

"நான் சொன்னது தப்பாப் போச்சு"ன்னாங்க. மறைக்கல, சமாளிக்கல. "கடையில இருக்குற பாட்டிலை எல்லாம் இன்னைக்கே எறக்கி வை செல்லையா."

நான் கழுவுறதுக்காகப் பரணியைச் சாய்ச்சேன். அடியில ஊறிப் பொங்கின உருண்டைங்க உருண்டுச்சு. மீன் தீனி. ஒரு பிடி இருக்கும். அந்தப் பரணி மட்டும்தான் ஹம்சிக்காவோட நல்ல கைக்கு எட்டும்.

சேச்சி உருண்டையைப் பாத்தாங்க, தலையணைக்கு அடியில துருத்திக்கிட்டு இருந்த தீனி டப்பாவைப் பாத்தாங்க. "இக்கா, பரணியில மீன் இல்லையே. யாருக்குப் போட்டீங்க?"

ஹம்சிக்கா கண்ணை மூடிக்கிட்டாரு. அப்புறம் ஒவ்வொரு சொல்லா வந்துச்சு. "கை... சும்மா... இருக்கல."

அப்பத்தான் எங்களுக்கு மொத்தமும் புரிஞ்சுது. பரணிக்கே இவ்வளவுன்னா தொட்டிக்கு எவ்வளவு போட்டிருப்பாரு! நாள் பூரா மீன் கண்ணாடிகிட்ட வரும், இவரு போடுவாரு, அது திங்கும், மிச்சம் அழுகும், வெயிலு வேற. அதுல எந்தக் கம்பெனி மருந்தை ஊத்தினாலும் கொஞ்ச நாளைக்குத்தான்.

நான் சேச்சியைத் தனியாக் கூப்பிட்டு, "நசீமாகிட்ட சொல்லாதீங்க. டப்பாவைப் புடுங்கிருவா. அந்தக் கைக்கு இருக்குற ஒரே வேலை அதுதான்"னு சொன்னேன். சேச்சி ஒத்துக்கல. "என்கிட்ட ஒரு மருந்து கேட்டு வந்தா. அது ஏன் கேக்கலன்னு தெரிஞ்சு போச்சு, இனி நான் எப்படி மறைப்பேன்?" நேராப் போயி நசீமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

நசீமா வந்து தலையணைக்கு அடியில இருந்து டப்பாவை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டா. "நான் மாய்ஞ்சு மாய்ஞ்சு கழுவுறேன், நீங்க இப்படிப் பண்ணுறீங்களே மாமா." ஹம்சிக்கா மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "தீனி... இல்லாட்டி... அவன்... வர மாட்டான்."

  நான் பரணியைக் கூடையில அடுக்க ஆரம்பிச்சேன். சேச்சி என் கையைப் புடிச்சாங்க.

"இக்கா, மீன் தீனிக்கு வருதா, ஆளுக்கு வருதான்னு யாராச்சும் பாத்தாங்களா? நான் பாக்கல. நீங்களும் பாக்கல. வச்சுப் பாத்துருவோம்."

நசீமாவைத் தொட்டியிலயிருந்து பாதித் தண்ணியை எறக்கிப் புதுத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க, மீன் கண்ணுக்குத் தெரியணுமே. டப்பா வெளிய. எல்லாரும் கையைக் கழுவுனோம், சோப்புப் போடாம. மொதல்ல என் கை. வெறுங்கையைக் கண்ணாடியில வச்சேன். மீன் ஒரு பார்வை பாத்துட்டு மூலைக்குப் போயிருச்சு. வருசக் கணக்கா அதைக் குளிப்பாட்டினவன் நான், ஒரு மரியாதை வேண்டாமா? "உன்னைப் பாத்தா தண்ணி எறங்கும்னு அதுக்குத் தெரியும்"னு நசீமா சொன்னா. அடுத்து சேச்சி கை. அசையல. நசீமா கை வச்சப்ப பாதி தூரம் வந்து நின்னுச்சு. அவளுக்கே ஆச்சரியம்.

அப்புறம் ஹம்சிக்கா கை. நசீமாதான் அவரு தோளைத் திருப்பி, கையைப் புடிச்சுக் கண்ணாடியில வச்சா. வெறுங்கை. மூலையில இருந்து நேரா வந்துச்சு அந்த ஆஸ்கர். கண்ணாடியில மூஞ்சியை இடிச்சு, வெரல் வெரலா மேல கீழ போச்சு. தீனி விழலன்னு போகல. அவரு வெரலை நகத்துன பக்கமெல்லாம் நகந்துச்சு. நாங்க சாயா போட்டுக் குடிச்சு முடிச்சும் அது அங்கதான் நின்னுச்சு.

"இன்னும் ரெண்டு நாள் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்"னு சேச்சி சொன்னாங்க. அவுங்க கண்ணு நெறைஞ்சிருந்துச்சு, ஆனாலும் அதைத்தான் சொன்னாங்க. ரெண்டு நாளும் மீன் வெறுங்கைக்கே வந்துச்சு.

அப்புறம் ஏற்பாடு பண்ணுனோம். காலையில ஒரு தடவை, நசீமா எண்ணிக் குடுக்கிற உருண்டையை ஹம்சிக்காவே போடுவாரு. மிச்ச நேரம் வெறுங்கை. ஜன்னல்ல கனமான திரைச்சீலை. நான் அடி வரைக்கும் அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். காத்து மெஷினை முழுசாத் தொறந்து, எங்க பச்சைத் தண்ணி மருந்தை ஒரு தடவை ஊத்துனோம். பெருநாளைக்கு நான் நெய்ச்சோறு திங்கப் போனப்ப, கட்டில்ல இருந்தே மீனோட செதிலை எண்ணலாம் போல இருந்துச்சு தண்ணி. விருந்தாளி எல்லாம் ஹம்சிக்கா ரூம்லதான் நின்னாங்க.

சேச்சிக்குச் சோறு பரிமாறிக்கிட்டே நசீமா கேட்டா, "சேச்சி, பக்கத்து வீட்டுலயும் பச்சைத் தண்ணிதான். எது கேட்டுச்சுன்னு சொல்லுங்க, அதையே வாங்கச் சொல்றேன். மருந்துதானே?"

கடைக்காரிக்கு இதைவிட நல்ல கேள்வி கெடைக்காது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா தெரு பூரா விக்கலாம்.

"தெரியாது மோளே"ன்னாங்க சேச்சி. "தீனி, திரை, தண்ணி, மருந்து, எல்லாத்தையும் ஒண்ணாப் பண்ணிட்டோம். எதுன்னு தெரியணும்னா இந்தத் தொட்டியை மறுபடி பச்சையாக்கி ஒண்ணொண்ணாப் பாக்கணும்."

"படைச்சவனே, வேண்டா சேச்சி!"ன்னு நசீமா கத்துன கத்துல விருந்தாளி எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

கட்டில்ல இருந்து ஹம்சிக்கா என்னைப் பாத்துக் கை காட்டுனாரு. கிட்டப் போனேன். "தொட்டி... வேண்டா. பரணி... கொண்டு வா. நான்... பாத்து... சொல்றேன்."

"தீனி போடுவீங்களே?"ன்னு நசீமா மொறைச்சா. அவரு நல்ல கையைத் தலையில வச்சுச் சத்தியம் பண்ணுனாரு. அவ தீனி டப்பாவை எடுத்து அலமாரி உச்சியில வச்சிட்டு, ஜன்னல் படியில இருந்த பலகாரத் தட்டையெல்லாம் ஒதுக்கி, பரணி வைக்கிற அளவுக்கு எடத்தைத் தொடைச்சுக் குடுத்தா.